எல்லா உம்மாமாரிடமும் எடுத்த இரத்தம்





இன்று டிசம்பர் 1, உலக எயிட்ஸ் தினம். 1988 முதல் உலகம் இந்த நாளை நினைவுகூர்கிறது. பாடசாலைகளில் சிவப்பு நாடா குத்துவோம், ஒரு பேச்சுப் போட்டி வைப்போம், அதோடு முடிந்துவிடும். இந்த முறை பிள்ளைகளுக்குச் சொல்லாத ஒரு வரலாற்றை பெரியவர்களுக்குச் சொல்லலாம் என்று நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். இது நம் வீட்டுப் பெண்களைப் பற்றியது, நம் பிள்ளைகளைப் பற்றியது.

2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்கு ஒரு சான்றிதழ் தந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை இலங்கை இல்லாதொழித்துவிட்டது என்பதே அந்தச் சான்று. உலகில் முதலில் இதைப் பெற்ற நாடு கியூபா, 2015இல். பிறகு 2016இல் தாய்லாந்து, 2018இல் மலேசியா, 2019இல் மாலைதீவும் நாமும். சான்றிதழ் தந்தபோது உலக சுகாதார நிறுவனம் சொன்னது: 2017இலிருந்து இலங்கையில் தாயிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிய ஒரு பிள்ளையும் பதிவாகவில்லை.

கிரிக்கெட்டில் ஒரு கிண்ணம் வந்தால் யட்டவத்தச் சந்தியில் பட்டாசு வெடிக்கும். இந்தச் செய்தி வந்ததே நம்மில் பலருக்குத் தெரியாது. பணக்கார நாடுகள் பலவும் பெறாத சான்று இது. நம்மைப் போன்ற ஒரு நாட்டுக்கு இது எப்படிக் கிடைத்தது? பெரிய இயந்திரத்தாலா? விலை கூடிய மருந்தாலா? இரண்டும் தேவைப்பட்டன. ஆனால் அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் நோய் எப்படித் தொற்றுகிறது என்று பார்ப்போம். தொற்றுள்ள ஒரு தாயிடமிருந்து பிள்ளைக்கு மூன்று வழிகளில் கிருமி போகலாம்: வயிற்றில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் வழியாக. எந்தச் சிகிச்சையும் இல்லாவிட்டால் 100 பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். தாய்க்கு நேரத்தோடு மருந்து கிடைத்தால் இது 5ஐ விடக் குறையும். நன்றாகக் கவனித்தால் 1, 2 அளவுக்கும் இறங்கும். இந்த வழியை முதலில் காட்டியது 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வு. ஏ.இஸட்.டி. என்ற ஒரே மருந்தைக் கொடுத்ததில் தொற்று 100க்கு 25 என்ற அளவிலிருந்து 8 ஆகக் குறைந்தது. இன்றைய மருந்துகள் அதைவிடப் பல மடங்கு நல்லவை.

ஆனால் மருந்து கொடுப்பதற்குத் தாய்க்குத் தொற்று இருப்பது தெரிய வேண்டும். தெரிவதற்கு அவள் இரத்தம் தர வேண்டும். இரத்தம் தருவதற்கு அவளுக்குப் பயம் இருக்கக் கூடாது. சங்கதி முழுவதும் இந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

பிறந்த பிறகு பிள்ளையைச் சோதித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். அங்கே ஒரு சிக்கல் உண்டு. விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து 20 நிமிடத்தில் முடிவு சொல்லும் துரித சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத்தான் தேடுகிறது. தாயின் பிறபொருளெதிரி நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போய், 18 மாதம் வரை பிள்ளையின் இரத்தத்தில் தங்கக் கூடும். ஆகவே அந்தச் சோதனை கைக்குழந்தையில் “தொற்று உண்டு” என்று காட்டினால் அது தாயின் கதையைச் சொல்கிறதே தவிரப் பிள்ளையின் கதையை அல்ல. பிள்ளைக்குக் கிருமியையே தேடும் பி.சி.ஆர். வேண்டும். கொவிட் காலத்தில் நாம் எல்லோரும் கேட்டுப் பழகிய அதே பெயர்தான்.

பி.சி.ஆருக்குப் பெரிய ஆய்வுகூடம் தேவை. ஆபிரிக்காவின் பல நாடுகளில் பிள்ளையின் குதிகாலில் எடுத்த இரத்தத்தை ஒரு காகித அட்டையில் காயவைத்துத் தலைநகருக்கு அனுப்புவார்கள். முடிவு திரும்பிவர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகும். அதற்குள் தாய் ஊர் மாறியிருப்பாள், அல்லது வர மனமில்லாமல் நின்றிருப்பாள். பிள்ளைக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை. தொற்றோடு பிறந்து சிகிச்சை பெறாத பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வயதுக்குள்ளும், ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு வயதுக்குள்ளும் இறந்துபோனார்கள் என்று ஆபிரிக்க ஆய்வுகள் காட்டின. அறிகுறிக்குக் காத்திராமல் பிறந்து சில வாரங்களிலேயே மருந்து தொடங்கினால் மரணம் 76 சதவீதம் குறைகிறது என்று 2008இல் தென்னாபிரிக்க ஆய்வொன்று சொன்னது.

அதனால்தான் கிளினிக்கிலேயே வைத்துப் பார்க்கும் சிறிய பி.சி.ஆர். இயந்திரங்கள் வந்தன. மொசாம்பிக்கில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. இரத்தத்தைத் தூர இடத்துக்கு அனுப்பும் பழைய முறையில், தொற்றுள்ள 100 பிள்ளைகளில் 13 பேரளவுதான் 60 நாட்களுக்குள் மருந்து தொடங்கினார்கள். கிளினிக்கிலேயே சோதித்து, தாய் வீடு திரும்புமுன் முடிவு சொன்ன இடங்களில் 90 பேரளவு தொடங்கினார்கள். மருந்து அதேதான். தாய்மாரும் அதே தாய்மார்தான். இடையில் இருந்த காத்திருப்பு மட்டும் போயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த இயந்திரம் மேசை மேல் இருந்தாலும், உம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால்தான் பயன். வர வைப்பது எது? போட்ஸ்வானா அதற்கு ஒரு பதில் கண்டது. அங்கே முன்பு கர்ப்பிணிகளிடம் “எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ள விருப்பமா?” என்று தனியாகக் கேட்பார்கள். 2004இல் முறையை மாற்றினார்கள். மற்ற இரத்தச் சோதனைகளைப் போல இதுவும் எல்லோருக்கும் வழமையானது, வேண்டாம் என்றால் மறுக்கலாம் என்று சொன்னார்கள். ஃபிரான்சிஸ்டவுன் நகரில் 100க்கு 75 ஆக இருந்த சோதனை சில மாதங்களில் 90ஐத் தாண்டியது. “நீ செய்துகொள்கிறாயா?” என்று ஒருத்தியிடம் கேட்டால், “என்னிடம் ஏன் கேட்கிறார்கள், என் மேல் சந்தேகமா?” என்று அவள் மனம் கேட்கும். எல்லோரும் வரிசையில் நின்று கொடுக்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடம் அந்த வரிசை ஏற்கெனவே இருந்தது.

நம் மூத்தம்மாமார் பலர் வீட்டில்தான் பிள்ளை பெற்றார்கள். ஒஸ்தா மாமியோ ஊர் மருத்துவிச்சியோதான் கைபிடித்தார்கள். தாயும் போய்ப் பிள்ளையும் போன வீடுகள் அந்தக் காலத்தில் நிறைய. 1926இல் களுத்துறையில் நாட்டின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு மக்கள் வரும்வரை காத்திராமல், பயிற்சி பெற்ற மருத்துவமாது வீடு தேடிப் போகும் முறை அங்கிருந்து பரவியது. 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். அந்தக் காலத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று அது 40க்கும் கீழே. பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன.

இதை ஒரே நாளில் யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. மழையிலும் வெயிலிலும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்துபோன மிட்வைப் மிஸ்மார் செய்தார்கள். ஏறத்தாழ 3,000 பேருக்கு ஒரு மிட்வைப் என்பது கணக்கு. அவர் சிங்களவராக இருப்பார், தமிழராக இருப்பார், முஸ்லிமாக இருப்பார். நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கர்ப்பிணியின் காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமத்திப் பார்ப்பார். சமையலறை வரை வந்து என்ன சமைத்திருக்கிறது என்று பார்ப்பார். வெளியார் ஒருவருக்கு நம் சமூகம் இவ்வளவு கதவைத் திறந்துவிடுவது அரிது. அந்த நம்பிக்கை உண்டாக மூன்று தலைமுறை எடுத்தது.

கர்ப்பிணிகளின் இரத்தத்தில் சிபிலிஸ் பார்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 1950களிலிருந்தே வீ.டீ.ஆர்.எல். சோதனை நடந்து வருகிறது. கிளினிக் அட்டையில் அந்த எழுத்துக்களை நம் உம்மாமாரும் பார்த்திருப்பார்கள். அது என்ன நோய்க்கு என்று பலர் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. எல்லோருக்கும் எடுத்தார்கள், நமக்கும் எடுத்தார்கள், அவ்வளவுதான்.

எச்.ஐ.வி. வந்தபோது நிலைமை வேறு. 1986இல் சென்னையில் வைத்தியர் சுனிதி சொலமனின் வழிகாட்டலில் நடந்த ஆய்வில் இந்தியாவின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. அடுத்த ஆண்டு, 1987இல், இலங்கையில் முதலாவது இலங்கையர் கண்டறியப்பட்டார். நோயை விட வேகமாகப் பயம் பரவியது. “கெட்ட நடத்தைக்காரருக்கு வரும் நோய்” என்ற முத்திரை விழுந்துவிட்டது. அந்த முத்திரையைத் துணிந்து உடைத்தவர் வைத்தியர் கமலிகா அபேரத்ன. பல பிள்ளைகளின் உயிர் காத்த குழந்தை வைத்தியர் அவர். வாகன விபத்தில் சிக்கியபோது ஏற்றிய இரத்தத்தால் அவருக்குத் தொற்று வந்தது. அதை மறைக்காமல் நாட்டுக்குச் சொன்னார். ஏழைக்கும் மருந்து கிடைக்க வேண்டும் என்று கடைசிவரை போராடினார். 2004இல் அவர் காலமானார். அரச ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. மருந்து இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் அந்த ஆண்டளவில்தான்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகளில் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டமும் குடும்ப சுகாதாரப் பணியகமும் சேர்ந்து ஒரு காரியம் செய்தன. எச்.ஐ.வி.க்கென்று தனிக் கதவு திறக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கிளினிக், ஏற்கெனவே இருந்த மிட்வைப் மிஸ், சிபிலிஸுக்கு ஏற்கெனவே எடுத்த இரத்தம், இவற்றோடு இதையும் சேர்த்தார்கள். 2010களின் நடுப்பகுதியில் இது படிப்படியாகத் தீவு முழுவதும் வந்தது. இன்று யட்டவத்தையில் ஒரு தங்கச்சி கர்ப்பிணி அட்டை எடுக்கப் போனால், அவளுக்கும் கொழும்பில் பெரிய வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே சோதனைதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. ஆனால் எல்லோருக்கும் ஒன்று என்பதால் வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

தாய்க்குத் தொற்று உறுதியானால் மருந்து தொடங்கும். பிரசவம் ஆஸ்பத்திரியில் திட்டமிட்டு நடக்கும். பிள்ளைக்குப் பிறந்தவுடன் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். கொழும்பிலுள்ள தேசிய ஆய்வுகூடத்தில் பிள்ளையின் இரத்தம் பி.சி.ஆரில் பார்க்கப்படும். நம் நாட்டில் இப்படியான தாய்மாரின் தொகை சிறியது, தூரமும் குறைவு. ஆபிரிக்காவில் இயந்திரம் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. நம் நாட்டில் அந்த வேலையில் பெரும்பங்கை தாயிடம் முன்கூட்டியே எடுத்த இரத்தம் செய்துவிட்டது.

சான்றிதழுக்கான அளவுகோலும் இலேசானதல்ல. கர்ப்பிணிகளில் 95 சதவீதமாவது கிளினிக் வர வேண்டும், அவர்களில் 95 சதவீதமாவது சோதிக்கப்பட வேண்டும், தொற்றுள்ளோரில் 95 சதவீதமாவது மருந்து பெற வேண்டும். ஒரு லட்சம் பிறப்புக்குப் புதிய தொற்று 50ஐத் தாண்டக் கூடாது. 100இல் 5 பேருக்கு மேல் வராமல் விட்டால் கணக்கு உடைந்துவிடும். ஆக, அந்தச் சான்றிதழில் ஊசிக்குக் கை நீட்டிய ஒவ்வொரு தாயின் பங்கும் இருக்கிறது. அவர்களில் நம் ஊர்ப் பெண்களும் உண்டு.

நம் சமூகத்துக்கு எச்.ஐ.வி. சோதனை இன்னொரு வாசல் வழியாகவும் தெரியும். சவூதி, கட்டார், குவைத் போகும் நானாமாருக்கும் ராத்தாமாருக்கும் மெடிக்கல் உண்டு. அங்கே “அன்ஃபிட்” என்று வந்தால் பயணம் முடிந்தது. வாங்கிய கடன் வாங்கியபடி நிற்கும், ஊர் காரணம் தேடத் தொடங்கும். அந்த அனுபவத்தால்தான் சில வீடுகளில் “இரத்தம் பார்த்தால் வம்பு” என்ற எண்ணம் ஊறியிருக்கிறது. சோதனை ஒன்றுதான், நோக்கம் வேறு. மெடிக்கல் நம்மை வேலைக்கு வேண்டாம் என்று கழிக்கப் பார்க்கிறது. கிளினிக் தாயையும் பிள்ளையையும் காக்கப் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தை வெளிநாட்டிலிருந்து வந்த கணவர்மாருக்கும் மாமிமாருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

சோதனையால் கண்டுபிடிக்க முடியாத ஒரு தொற்றும் உண்டு. அது வதந்தி. 2016இல், நமக்குத் தூரமில்லாத குளியாப்பிட்டியில், ஒரு சிறுவனின் தகப்பன் எயிட்ஸில் இறந்தார் என்று ஊரில் கதை பரவியது. அந்தப் பிள்ளை பாடசாலையில் சேர்ந்ததும் மற்றப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று சோதனை காட்டியது. அதைச் சொன்ன பிறகும் பெற்றோர் அசையவில்லை. கடைசியில் கண்டியிலுள்ள ஒரு பாடசாலை அவனை ஏற்றுக்கொண்டது. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. எச்.ஐ.வி.யோடு வாழ்வோரின் உரிமைகளைப் பாதுகாத்து அவர்களுக்கு எதிரான பாகுபாட்டை அரசு நீக்க வேண்டும் என்பது அங்கே பதிவாயிற்று.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பெரிய பாடம் உண்டு. அந்தப் பிள்ளைக்குத் தொற்று இல்லை என்பது நல்ல செய்திதான். ஆனால் தொற்று இருந்திருந்தாலும் அவனுக்கு அதே மேசையில் இடம் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்து படிப்பதாலோ, ஒரே கோப்பையில் தண்ணீர் குடிப்பதாலோ, ஒன்றாக விளையாடுவதாலோ எச்.ஐ.வி. தொற்றாது. இதை விஞ்ஞானப் பாடத்தில் சொல்லிவிட்டு, பெற்றோர் கூட்டத்தில் வாய்மூடி இருக்க நமக்கு முடியாது.

யோசித்துப் பாருங்கள். அந்த நாட்களில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண் இந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாள்? “ஒரு பிள்ளையை ஊரே இப்படி விரட்டுகிறதே, நான் ஏன் இரத்தம் கொடுக்க வேண்டும்?” தொண்ணூறு வருடம் மிட்வைப் மிஸ்மார் நடந்து கட்டியதை ஊர்வாய் ஒரு வாரத்தில் இடிக்கக் கூடும்.

ஆபத்து இன்னும் போகவில்லை. நம் நாட்டில் ஆண்டுதோறும் புதிதாகத் தொற்று அறியப்படுவோர் தொகை கூடி வருகிறது. 2022இல் அது 600ஐத் தாண்டியது. பொருளாதார நெருக்கடியில் வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். கிடைத்த சான்றிதழும் நிரந்தரப் பட்டயம் அல்ல. தரம் குறைந்தால் திரும்பப் பெறப்படலாம். அதைக் காப்பதில் நம் பங்கு என்ன?

கர்ப்பம் தெரிந்தவுடன், 12 வாரத்துக்குள், மிட்வைப் மிஸ்ஸிடம் பதியுங்கள். “மூன்று மாதம் போகட்டும், கண்ணூறு படும்” என்று ஒளித்து வைக்காதீர்கள். நேரத்தோடு தெரிந்தால்தான் மருந்துக்கு நேரம் இருக்கும்.

தனியார் வைத்தியரிடம் காட்டினாலும் இந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். முதற்சோதனையில் சந்தேகம் வந்தால் அது முடிவல்ல. உறுதிப்படுத்தும் சோதனை உண்டு. மாத்தளையிலேயே பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. அங்கே சேவை இலவசம், இரகசியமும் காக்கப்படும்.

கணவர்மாரே, மனைவியைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களும் இரத்தம் கொடுங்கள். அவளை மட்டும் சோதித்துவிட்டு அவளை மட்டும் குற்றம் சொல்வது எந்த நியாயத்திலும் சேராது.

ஒரு பெண்ணிடம் கிளினிக் முடிவு என்ன என்று கேட்காதீர்கள். ஒருத்தி பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுக்காவிட்டால் “ஏன், என்ன காரணம்?” என்று துருவாதீர்கள். அதற்கு நூறு காரணம் இருக்கலாம். அவளுக்கும் வைத்தியருக்கும் இடையிலான விஷயம் அது. அடுத்தவர் மறைவைத் துருவுவதையும் புறம் பேசுவதையும் நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாகத் தடுத்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடையை இந்த இடத்தில் பேணினால் ஒரு பிள்ளையின் உயிர் மிஞ்சும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரிடமும் ஒரு வேண்டுகோள். ஜும்ஆவில் டெங்கைப் பற்றிச் சொல்கிறோம், போதைப்பொருளைப் பற்றிச் சொல்கிறோம். வருடத்தில் ஒரு தடவை இதையும் சொல்லுங்கள். ஒழுக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் சொல்லுங்கள். கூடவே, நோயாளியை விரட்டக் கூடாது என்பதையும், கணவன் வழியாகத் தொற்றுப் பெற்ற ஓர் அப்பாவிப் பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த தடவை மிட்வைப் மிஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால் ஒரு பிளேன்டி கொடுத்து, ஒரு நன்றியும் சொல்லுங்கள். 2019 சான்றிதழில் அவர் பெயர் எழுதப்படவில்லை.

அல்லாஹ் நம் ஊர்த் தாய்மாரையும் பிள்ளைகளையும் எல்லா நோய்களிலிருந்தும், நம் நாவுகளைப் பிறர் மானத்தைக் கெடுப்பதிலிருந்தும் பாதுகாப்பானாக. ஆமீன்.